செட்டிநாட்டு வீடுகள்: கதவை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள்!

காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் முதலில் மொபைலை நீட்டுவது வாசல் கதவை நோக்கித்தான். பர்மா தேக்கில் இழைத்த நிலை, அதற்கு மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யாளி. அழகுதான். ஆனால், அந்தப் படம் இணையத்தில் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. இன்னொன்று சேர்வதால் யாருக்கும் நஷ்டமில்லை, லாபமும் இல்லை.

அதே வீட்டின் உள்ளே, தரையில் உட்கார்ந்தால் தலை முட்டும் உயரத்தில், ஒரு தூணில் எண்ணெய் ஏறிக் கறுத்த வட்டம் இருக்கும். யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் அங்கேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அதைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரவிக் கிடக்கிறது செட்டிநாடு. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கடல் தாண்டிப் போய் லேவாதேவி செய்த நகரத்தார், சம்பாதித்ததைக் கொண்டுவந்து இந்த வறண்ட பூமியில் வீடாகக் கட்டினார்கள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. தரைக்கு மட்டும் பக்கத்து ஊரான ஆத்தங்குடியின் கல். கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் சேர்த்துக் கையால் செய்யும் அந்தக் கல்லுக்குச் சூளையே கிடையாது. சுவரில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசிய பூச்சு அது.

1930-களின் பொருளாதார மந்தத்தில் தொழில் ஆட்டம் கண்டது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்த சொத்தும் கைவிட்டுப் போனது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போனார்கள். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீளும் வீடுகளில் பாதிக்கு மேற்பட்ட அறைகள் பூட்டிக் கிடப்பது இன்று சர்வ சாதாரணம்.

எதைப் பார்ப்பது?

முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வீடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பட்டாலை வந்தவர்களுக்குக் காட்டக் கட்டியது. வாழ்க்கை நடந்ததெல்லாம் வளவிலும் அதற்குப் பின்னாலும்தான். வானம் திறந்த முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு ‘புள்ளி’. புள்ளிக்கு ஒரு அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரே கூரைக்குக் கீழே பல குடும்பங்கள் சண்டையில்லாமல் (அல்லது சண்டையோடு!) வாழ்ந்த ஏற்பாடு அது.

அங்கே நிதானமாக நின்றால் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்த வாசற்படி. தொட்டில் கட்டிய இரும்பு வளையம். விளக்கு வைத்த மாடத்துக்கு மேலே நாக்கு மாதிரி நீண்ட புகைக்கரி. பெயரின் முதலெழுத்துகள் வெட்டிய பித்தளைக் குடம். கொல்லைப் பக்கம், அரைத்து அரைத்துத் தேய்ந்த அம்மி. தேக்குத் தூணின் விலை வீட்டுக்காரரின் வசதியைச் சொல்லும். அந்த வீட்டுப் பெண்களின் பகல் பொழுது எப்படிப் போனது என்பதை அந்த அம்மியைப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கெல்லாம் பெரிய கேமரா தேவையில்லை, மொபைலே போதும். ஃபிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள். தேய்மானமும் குழியும் தெரிவது பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில்தான். எதிரிலிருந்து அடிக்கும் ஃபிளாஷ் அத்தனையையும் சப்பையாக்கிவிடும். காலையிலோ சாயங்காலமோ முற்றத்து வெயில் சாய்வாக இறங்கும் நேரம் தோதானது. திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் முற்றம் வெளுத்துப் போகாது. அகலக் கோணத்தில் எடுத்தால் தூண்கள் சாய்ந்து தெரியும். அதனால் இரண்டடி பின்னால் போய், மொபைலை நிமிர்த்திப் பிடித்து எடுப்பது நல்லது.

ஏன் இப்போதே?

ஏனென்றால், வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. தலைமுறை தாண்டத் தாண்டப் பங்காளிகள் பெருகி, ஒரு வீட்டுக்கே டஜன் கணக்கில் சொந்தக்காரர்கள். ஓடு மாற்ற ஒருவர் சரி என்பார், இன்னொருவர் அமெரிக்காவில் இருப்பார். மழை யாருக்கும் காத்திருக்காது. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொள்வது ஒன்றில்தான்: பிரித்து விற்றுவிடலாம். நின்ற வீட்டை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம், தேக்குக்கோ எப்போதும் கிராக்கி.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் சேர்ந்தன. சில வீடுகள் ஹோட்டலாக மாறிப் பிழைத்துக்கொண்டன. மற்றவற்றின் கதையைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்க்கலாம். பழம்பொருள் கடைகளில் தூண்கள், கதவுகள், எனாமல் பாத்திரங்களோடு சட்டம் போட்ட குடும்பப் படங்களும் தொங்கும். நெற்றி நிறைய விபூதியோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த பெரியவரும், பக்கத்தில் நிற்கும் ஆச்சியும் விலை கேட்டு வருபவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யார், எந்த ஊர், எந்த வீடு என்று சொல்ல ஆள் இருக்காது.

தூண் எங்கேயாவது ஒரு ரிசார்ட்டில் போய் நின்றுவிடும். எண்ணெய் வட்டத்தை மெருகு போடுபவர் முதல் வேலையாகத் தேய்த்து எடுத்துவிடுவார்.

போகிறவர்கள் காவலுக்கு இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போவதே மரியாதை. செருப்பு வெளியிலேயே இருக்கட்டும். சாமி அறைப் பக்கம் மொபைல் திரும்ப வேண்டாம். பூட்டிய அறையின் சாவித் துவாரம் வழியாக எடுப்பது, கல்யாண ஷூட்டிங்குக்காக ஊஞ்சலை இடம் மாற்றுவது போன்றவை அடுத்து வருபவர்களுக்கும் கதவைச் சாத்திவிடும்.

படத்தை எடுத்த கையோடு ஊர், தெரு, தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு பிரதியை அந்த வீட்டுக்காரர்களுக்கும் அனுப்புங்கள். அறுபதாம் கல்யாணத்துக்கோ பேத்தி கல்யாணத்துக்கோ பங்காளிகள் ஒன்றுகூடும்போது, அந்தத் தூணில் சாய்ந்திருந்தவர் யார் என்று சொல்ல அங்கே இன்னும் ஓர் ஆச்சி இருக்கக்கூடும்.