பாட்டியின் தம்ளர்

மனையியல் படிக்கப் போகிறேன் என்று நான் கூறியபோது எங்கள் கரோல்பாக் வீட்டில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "சமையல் கற்பதற்குச் சர்வகலாசாலை எதற்கு? உன் அம்மா போதாதா?" என்றார் பெரியப்பா. காப்பியில் ஒரு கரண்டி சீனியைக் குறைத்ததே தம் நீரிழிவுக்குப் போதுமான பத்தியம் என்று நம்பியவர் அவர்!

லேடி இர்வின் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அது சமையற் படிப்பு அன்று என்பது எனக்கே விளங்கிற்று. உயிர் இரசாயனம், உடலியல், நோய்க்கேற்ற உணவு எனப் பாடங்கள் நீண்டன. ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்துக்கள் காணப்படும். அந்நிறுவனத்தின் வேர் நம் நீலகிரிக் குன்னூரில், 1918-ல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது என்று வகுப்பில் கேட்டபோது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. நம் புழுங்கலரிசியின் சிறப்பு அது.

இவ்வளவும் அறிந்த நான் செய்த பிழையையும் சொல்லத்தான் வேண்டும்.

பயிற்சிக்காக ஒரு வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். இன்சுலின் போட்டுக்கொள்ளும் தஞ்சாவூர்ப் பாட்டி ஒருவர், மகனோடு டில்லியில் வசிப்பவர், வீடு திரும்பும் நாள். அச்சிட்ட பட்டியலில் இரவுக்கு இரண்டு சப்பாத்தி என்றிருந்தது. அதையே தமிழில் படித்துச் சொல்லிக் கையில் கொடுத்தேன். பாட்டி தலையசைத்தார். நான்காம் நாள் நள்ளிரவில், உடல் வியர்த்து நினைவு தடுமாறிய நிலையில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார்.

"பல் இல்லையே, குழந்தை. சப்பாத்தியை எப்படி மெல்லுவேன்? சாதம் என்று நீ சொல்லவில்லை. ஊசியை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டேன்" என்றார் காலையில். அக்குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. அந்த வார்டில் தமிழில் கேட்கக் கூடியவள் நான் ஒருத்தி. நானோ சொன்னேனேயன்றிக் கேட்கவில்லை.

முப்பது கிராம் கோதுமை மாவிலும் முப்பது கிராம் அரிசியிலும் ஏறக்குறைய நூறு கலோரிதான். முதலாண்டுப் பாடம்! அரிசிச் சோறு இரத்தச் சர்க்கரையைச் சற்று விரைவாக ஏற்றும் என்பது மெய்யே. அதற்காகத்தான் அளவும், உடன் பருப்பும் கீரையும். மேற்பார்வையாளரின் சம்மதத்துடன் பட்டியலை மாற்றினேன்: அறுபது கிராம் புழுங்கலரிசிச் சாதம், பருப்புக் கூட்டு, மசித்த கீரை, மோர். உணவு தயாரான பின்பே ஊசி என்பதைப் பாட்டியின் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்தேன். தராசுக்கு அவர் எங்கே போவார்? அரிசியை நிறுத்து, அவருடைய சிறு தம்ளரில் கொட்டி, அது நின்ற இடத்தில் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தேன்.

இதை வீட்டில் சொன்னபோது பெரியப்பா சிரிக்கவில்லை. மறு ஞாயிறு வந்தவர், பையிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து என் முன் வைத்தார்.

"எனக்கு எங்கே கோடு போடுவாய், அம்மா?"