பட்டனில் மராத்தி

2005-ல் நாக்பூர் கிளையில் இருந்தபோது எக்செல் 2003. மாசக் கடைசி ஸ்டேட்மென்ட்டுக்கு மேக்ரோ எழுதி, அதை ஓட்ட தனியா ஒரு டூல்பாரும் போட்டேன். கமாண்ட்பார்ஸ் ஆட் பண்ணும்போது 'டெம்பரரி' என்பதற்கு ட்ரூ கொடுத்துடுங்க. இல்லாட்டி எக்செலையே மூடினாலும் டூல்பார் போகாது, அடுத்த முறை திறக்கும்போதும் பேய் மாதிரி வந்து நிற்கும்.

சீனியர் கிளார்க் ஒருத்தரை எல்லோரும் 'தாயி' என்போம் (மராத்தியில் அக்கா, நம்ம காதுக்கு அம்மா!). கணக்கில் புலி. இங்கிலீஷ் பட்டனைக் கண்டால் மட்டும் கை நின்றுவிடும், என்னைக் கூப்பிடுவார். ரெண்டு பேருக்கும் வீடு போக ராத்திரி ஒன்பதாகும்.

சரி, மராத்தியிலேயே பெயர் வைப்போம் என்றால் விபிஏ எடிட்டரில் யூனிகோட் எடுபடாது. எல்லாம் ?????. தமிழுக்கும் இதே கதிதான். வழி இருக்கு: பெயரை ஷீட்டில் ஒரு செல்லில் அடியுங்க, கேப்ஷனை அந்த செல்லிலிருந்து எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் தாயி என்னைக் கூப்பிடுவது நின்றது.

எக்செல் 2007 வந்ததும் ரிப்பன். டூல்பார் 'ஆட்-இன்ஸ்' டேபுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "என் பட்டன் எங்கே சார்?" என்று ஒரு நாள் அமளி. கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

எனக்கு மாற்றலான பிறகு, 'தினசரி' என்றிருந்ததை தாயியே 'ஆஜ்' ஆக்கிக்கொண்டாராம். செல்லில்தானே இருக்கு!