கலைந்த எழுத்துக்களில் ஒளிந்த சொற்கள்

மத்திய அரசுப் பணியாளர் தேர்வு, ரயில்வே தேர்வு முதலியவற்றிற்கு உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் ஆயத்தமாகிறார்களெனில், அவர்களுடைய பயிற்சி நூலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சில ஆங்கில எழுத்துக்களைத் தந்து, இவற்றைக் கொண்டு பொருளுள்ள சொற்கள் எத்தனை அமைக்கலாம் என்று வினவியிருப்பார்கள். நீண்டதொரு சொல்லைத் தந்து, இதிலுள்ள எழுத்துக்களால் அமைக்க இயலாத சொல் எது என்றும் கேட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளில் பலர் இவ்வினாக்களைத் தொடாமலே கடந்து விடுகின்றனர். ஆங்கிலம் நமக்கு வராது என்னும் அச்சமே காரணம். ஓரிரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவும் தேர்வுகளில் இந்த அச்சத்திற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், தந்தையை இழந்தவர், இரு தங்கைகளுக்கு மூத்தவர், ரயில்வே தேர்வுக்குப் படித்து வருகிறார். ஒருநாள் அஸருக்குப் பின் வந்து, “ஹஜ்ரத், இந்த வினாவெல்லாம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்குத்தான்” என்று நூலை மூடி வைத்தார். நான் கரும்பலகையில் ஐன், லாம், மீம் என்னும் மூன்று எழுத்துக்களை எழுதி, “இவற்றில் என்னென்ன சொற்கள் உள்ளன?” என்று கேட்டேன். “இல்மு” என்றார் உடனே. சற்று யோசித்து, “அமல்” என்றார். பின்னர், “லமஅ, அதாவது ஒளிர்ந்தது” என்றார். “இது எந்த மீடியத்துப் பாடம்?” என்றேன். சிரித்து விட்டார்.

அறிவுக்கும் செயலுக்கும் அரபியில் அதே மூன்று எழுத்துக்கள்தாம். இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவே. இதை ஒரு முறையாகவே வகுத்தவர் ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த மேதை கலீல் இப்னு அஹ்மத். அவர் தமது ‘கிதாபுல் ஐன்’ அகராதியில், மூன்று எழுத்துக்களை 6 வகையாகவும், நான்கை 24 வகையாகவும், ஐந்தை 120 வகையாகவும் மாற்றி அடுக்கலாம் எனக் கணக்கிட்டு, வழக்கில் உள்ளவற்றையும் வழக்கில் இல்லாதவற்றையும் பிரித்தறிந்தார். தேர்வு வினாவின் அடிப்படையும் இதுவே.

இனி ஆங்கிலத்திற்கு வருவோம். ஓ, பி, எஸ், டி என்ற நான்கு எழுத்துக்களை எடுத்துக் கொள்ளுங்கள் (டி என்பது டேபிளின் முதலெழுத்து). அடுக்குகள் 24. அனைத்தையும் எழுதிப் பார்க்க நேரமிராது. முதலில் உயிரெழுத்தைத் தேடுங்கள். இங்கே ஓ ஒன்றுதான். அதை முதலிடத்தில் வைத்தால் ஆப்ட்ஸ். இரண்டாமிடத்தில் வைத்தால் போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ். மூன்றாமிடத்தில் வைத்தால் ஸ்டாப், ஸ்பாட். நான்காமிடத்தில் எதுவுமில்லை. ஆக, அன்றாட வழக்கிலுள்ள சொற்கள் ஆறு. தமிழில் டகரம் மொழிக்கு முதலில் வாராது என்று இலக்கணத்தில் படித்தோமல்லவா? ஆங்கிலத்திற்கும் அத்தகைய இயல்பு உண்டு. எஸ்ஸும் டியும் இணைந்து சொல்லைத் தொடங்கும். டியும் பியும் அவ்வாறு தொடங்குவதில்லை. இந்த ஓர் அறிவே பாதி அடுக்குகளைத் தள்ளிவிடும்.

எழுத்துக்கள் மிகுந்தால் சொல்லின் வாலைப் பிடியுங்கள். எச், இ, ஏ, ஆர், ஐ, என், ஜி என ஏழு எழுத்துக்கள் தரப்பட்டால் அடுக்குகள் 5,040. ஆனால் ஐ, என், ஜி மூன்றும் சேர்ந்தால் ‘இங்’ என்னும் ஈறு. அதைத் தனியே ஒதுக்கினால் எஞ்சுவன நான்கு, அடுக்குகள் 24. அவற்றில் ‘கேள்’ எனப் பொருள்படும் ஹியர் கண்ணில் படும். ஈற்றைச் சேர்த்தால் ஹியரிங், கேட்டல். ஐயாயிரம் இருபத்து நான்காகச் சுருங்கியதைக் கவனியுங்கள்.

ஓசையை மட்டும் நம்பாதீர்கள். செவிமடுத்தலைக் குறிக்கும் லிஸனும், மௌனத்தைக் குறிக்கும் சைலன்ட்டும் ஒரே ஆறு எழுத்துக்களால் ஆனவை. முன்னதில் டி எழுதப்படும், ஒலிக்காது, பின்னதில் ஒலிக்கும். எனவே செவிக்கு முன் கண்ணே சாட்சி.

கண்ணும் அவசரப்பட்டால் ஏமாறும். இன்டர்நேஷனல் என்ற 13 எழுத்துச் சொல்லிலிருந்து நேஷன் அமையும், ரேஷன் அமையும்; நிலப்பரப்பைக் குறிக்கும் டெரெய்ன் அமையாது. அதன் எழுத்துக்கள் யாவும் அங்கே இருப்பது போலவே தோன்றும். ஆனால் டெரெய்னுக்கு ஆர் இரண்டு தேவை. இன்டர்நேஷனலில் இருப்பதோ ஒன்றே. ஆகவே, எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாராமல், எத்தனை இருக்கிறது என்றும் எண்ண வேண்டும்.

தாய்மார்களே! உங்களுக்கு இதில் ஒரு நற்செய்தி உண்டு. எண்ணிச் சரிபார்க்கும் இவ்வேலைக்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை. எழுத்தின் வடிவம் தெரிந்தால் போதும். பழைய நாட்காட்டி அட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஆளுக்கோர் எழுத்தாக எழுதச் செய்யுங்கள். இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம் பிள்ளைகளுடன் அமர்ந்து, அவர்கள் சொல்லும் சொல்லை அட்டைகளில் அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். பொருள் கேளுங்கள், அகராதியைப் புரட்டச் சொல்லுங்கள். தாய் உடனிருந்து கேட்கிறாள் என்பதே பிள்ளைக்கு ஊக்கம்.

அந்த மாணவர் இப்போது நாள்தோறும் இத்தகைய வினாக்கள் பத்தினைப் போட்டுப் பார்க்கிறார். தேர்வு இனிமேல்தான். முடிவு எவ்வாறாயினும், மூடி வைத்த நூலை அவர் மீண்டும் திறந்து விட்டார். உங்கள் வீட்டிலும் அப்படி மூடிக் கிடக்கும் நூல் ஏதேனும் உண்டா என்று இன்றிரவே பாருங்கள்.