தேர்வாளர் இல்லாத தேர்வு

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்த மடல் வந்த வேளை, யாம் இங்கிலாந்தில் எம் வீட்டுக் கொட்டகையிலே, கையெல்லாம் கிறீஸ் பூசி, ஒரு சிறு காரின் கீழே கிடந்தோம். அறிவுரை கூறும் தகுதி எமக்கில்லை. ஆதலின் அக்காரின் கீழ்க் கற்ற பாடத்தையே இங்கு எழுதத் துணிந்தோம்.

எமது வண்டி மினி மார்க்கொஸ் என்னும் இனத்தது. 1965 இல் வெளிவந்த இது, மினிக் காரின் இயந்திரம் முதலியவற்றைக் கண்ணாடியிழை உடலொன்றிற் பொருத்தி, வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் 'கிட் கார்' ஆகும். உதிரிகளாக விற்கப்படும் காருக்கு அந்நாளில் பிரித்தானியாவிற் கொள்வனவு வரி இல்லை; 1973 இல் அவ்வரி ஒழியும்வரை இச்சலுகை பலரைக் கார் பூட்டுவோராக்கிற்று. 1966 ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேர ஓட்டத்தை இவ்வினத்துக் காரொன்று 15 ஆம் இடத்தில் முடித்தது என்பது எம்போன்றோரின் பெருமைக்கு ஆதாரம்.

மேடு பள்ளங்களில் முன்சில்லின் பக்கம் 'டக், டக்' என்றோர் ஒலி எழலாயிற்று. யாம் கேளாதார்போல் இருந்தோம். அதற்கு வழியும் இருந்தது. 40 ஆண்டு கடந்து, அண்மை 30 ஆண்டுகளிற் பெருமாற்றம் அடையாத கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை என 2018 மே 20 முதல் அங்கு விதியாயிற்று. கேட்பார் இல்லாதபோது மனம் தனக்குத் தானே சான்றிதழ் வழங்கிவிடுகிறது.

பேரன் விடுமுறைக்கு வந்தான். அவனைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லப் புறப்படுகையில் இல்லாள் வாயிலில் நின்று, "இஞ்சாருங்கோ, இந்தச் சத்தத்தோடை பிள்ளையை ஏத்தலாமோ?" என்றார். விடை கூற இயலவில்லை. அன்று பேருந்திலே சென்றோம்.

மறுநாள் வண்டியின் முன்புறத்தை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, சில்லை மேலும் கீழும் பற்றி அசைத்தோம், ஆடிற்று. இல்லாளைப் பிறேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் அசைத்தோம். ஆட்டம் நின்றாற் குற்றம் போதிகையில், நில்லாவிடின் மூட்டில். நிற்கவில்லை. ஒவ்வொரு முன்சில்லுக்கும் மேலொன்று கீழொன்றாக இரு பந்து மூட்டுகள் உள. தோளெலும்பு தன் கிண்ணத்திற் சுழலுமாப்போல, உருக்குப் பந்து கிண்ணத்துட் சுழன்று, சில்லு ஏறியிறங்கவும் திரும்பவும் இடந்தருகிறது. கிறீஸ் வற்றின் பந்து தேயும். தேய்வு முற்றின் மூட்டுக் கழன்று சில்லு மடிந்துவிடும். கழற்றிப் பார்த்தபோது கீழ்ப்பந்தின் ஒரு புறம் துருவேறித் தட்டையாகியிருந்தது. பேரனை நினைத்தோம், கை நடுங்கிற்று.

புதியன பூட்டுகையிலும் தவறினோம். ஆட்டம் அறவே ஆகாதென்று மூடியை இயன்றமட்டும் இறுக்கினோம். சுக்கான் கல்லாய்க் கனத்தது. வளைவு கடந்தபின் சில்லுகள் தாமாக நேர்நிலைக்கு மீளவில்லை. தளர்வைப் போலவே இறுக்கமும் குற்றமே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைத் தருவன 'சிம்' எனப்படும் வளையத் தகடுகள். 0.002, 0.003, 0.005 அங்குலம் என்னும் தடிப்புகளில் அவை கிடைக்கின்றன. தகடு கூடின் மூட்டுத் தளரும், குறையின் இறுகும்.

அவற்றை அளக்க நுண்மானித் திருகுக் கணிச்சியை எடுத்தபோது, எமது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடம் கண்முன் வந்தது. பூச்சிய வழுவைப் பாராது பெற்ற அளவீட்டை எம் ஆசான் ஏற்கமாட்டார். ஒருநாள் யாம் அளவாமல் நண்பனின் அளவீட்டைப் பார்த்தெழுதினோம். அவர் கண்டுகொண்டார், தண்டிக்கவில்லை. கருவியை மீண்டும் எம் கையிற் தந்துவிட்டு அப்பாற் சென்றார். அவர் ஏன் அருகில் நிற்கவில்லை என்பது அன்று எமக்கு விளங்கவில்லை.

நான்கு மூட்டுகளையும் மீளக் கழற்றி, அளந்து, தகடிட்டுப் பூட்ட மூன்று நாட்கள் சென்றன. பின்னர், சட்டம் கேளாதிருந்தும், வண்டியைப் பரிசோதனை நிலையத்துக்கு யாமே கொண்டு சென்றோம், தேறிற்று. அடுத்த விடுமுறையிற் பேரன் எம்மருகில் அமர்ந்து கடற்கரைக்கு வந்தான். வாயிலில் நின்ற இல்லாள் ஒன்றும் வினவவில்லை.

மாணவத் தம்பிகாள், தேர்வாளர் முன்னிலையில் எழுதும் தேர்வுகள் சில. அவர் இல்லாத தேர்வுகளோ வாழ்நாள் முழுதும் உள. அவற்றுக்கும் எம்மை ஆயத்தஞ்செய்த கல்லூரியன்னை நீடு வாழ்க!