மண் பேசும் வழியிலே



சுற்றுலா என்னும் சொல்லைக் கேட்டவுடனேயே நம் குடும்பங்களுள் பல, அது வசதி படைத்தோர்க்கு உரியது என்று எண்ணி ஒதுங்கிக்கொள்கின்றன. விடுமுறையில் பிள்ளைகள் எங்கேனும் அழைத்துப் போகுமாறு கேட்டால், பெற்றோரின் கை முதலில் மடிச்சீலையைத்தான் தடவிப் பார்க்கிறது. சென்ற பிப்ரவரித் திங்களில் நம் பங்குமக்கள் இருபத்தொருவர் இரண்டு நாள் மேற்கொண்ட சிறு பயணத்தைப் பற்றி இங்கு எழுத விழைகிறோம். அது மதுரையில் தொடங்கி, கீழடி, இடைக்காட்டூர், மானாமதுரை, காளையார்கோவில் வழியாக ஓரியூரில் முடிந்தது. சுற்றி வளைந்து சென்றும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பயணம் புறப்படுமுன்னே நாம் செய்த தவறு ஒன்றை முதற்கண் சொல்லியாக வேண்டும்.

நாம் செய்த தவறு

பங்குப் பேரவையில் முதலில் வகுத்த திட்டம் வேறு. குளிரூட்டிய பேருந்து, இரவு தங்க விடுதி, மூன்று வேளையும் உணவகத்தில் சாப்பாடு. தலைக்கு 2,500 ரூபாய். ஞாயிறு திருப்பலி முடிவில் இதனை நாமே அறிவித்தோம். பெயர் கொடுக்க முன்வந்தவை ஆறே குடும்பங்கள். ஆலய வாசலில், செங்கற்சூளையில் நாற்பது ஆண்டுகளாய் உழைக்கும் பெரியவர் ஒருவரைக் கண்டு, "ஐயா, நீங்களும் பேத்தியை அழைத்துக்கொண்டு வரலாமே" என்றோம். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நாங்க வரல சாமி. மியூசியத்துல எங்களுக்கு என்ன இருக்கு? படிச்சவங்க பாக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அவருக்கு அருங்காட்சியகத்தின்மேல் வெறுப்பில்லை. 5,000 ரூபாய் இல்லை. அதனை வெளியே சொல்லவேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியவர் நாமே. மறுவாரம் பேரவையைக் கூட்டி ஒரே ஒரு விதியை வைத்தோம்: பங்கிலே மிக மெலிந்த மடிச்சீலை எதுவோ அதுவே இப்பயணத்திற்கு அளவுகோல். சிலர் முகம் சுளித்தனர். "சிக்கனம் பார்த்தால் பயணம் சுகப்படாது, சாமி" என்றார் வணிகர் ஒருவர். ஆயினும் கணக்குப் போட்டுப் பார்த்ததில் தலைக்கு 700 ரூபாய் போதும் என்று தெரிந்தது. செப்டம்பர் நடுவிலிருந்து வாரம் 35 ரூபாயாக இருபது வாரம் சேமிப்பது என்று முடிவாயிற்று. இம்முறை பெரியவரும் பெயர் கொடுத்தார்.

வேட்டியும் வட்டச்சில்லும்

பிப்ரவரி 3 அன்று காலை, புளியோதரைத் தூக்கும் தண்ணீர்க் குடமும் பாய்களும் ஏற்றிக்கொண்டு வாடகை வேன் ஒன்றில் புறப்பட்டோம். மதுரைத் தமுக்கத்தில், இராணி மங்கம்மாளின் பெயரோடு வழங்கும் பழைய அரண்மனையில் அமைந்துள்ளது காந்தி நினைவு அருங்காட்சியகம். 1959ஆம் ஆண்டு பண்டித நேருவால் திறந்து வைக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. 1948 சனவரி 30 அன்று அண்ணல் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த ஆடை இங்கே காக்கப்படுகிறது. அதன் முன்னே நம் குழந்தைகளும் பேச்சை நிறுத்திக்கொண்டனர். அண்ணல் தம் உடையை இடுப்பளவு துணியாகக் குறைத்துக்கொண்டதும் இதே மதுரையில்தான், 1921 செப்டம்பரில். உடுக்க முழுத்துணி இல்லாத ஏழையரைக் கண்டு, தம் உடைக்கு அவர்களையே அளவாகக் கொண்டார். நாம் பேரவையில் வைத்த விதியை அவர் நமக்கு நெடுநாள் முன்னரே உடுத்திக் காட்டியிருக்கிறார் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் வைகைக்குத் தெற்கே உள்ளது கீழடி. தென்னந்தோப்புகளுக்கு நடுவே 2014இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 580ஆம் ஆண்டளவினது எனக் கணிக்கப்பட்டதை 2019இல் வெளிவந்த மாநிலத் துறையின் அறிக்கை தெரிவித்தது. கிடைத்த பொருள்களை வைத்து, செட்டிநாட்டு வீடுகளைப் போன்ற முற்றங்களும் தூண்களும் கொண்டதாய் எழுப்பிய அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் நம்மில் எவரையும் தயங்க வைக்காத சிறு தொகையே.

கண்ணாடிப் பேழைகளுக்குள் பொன்னணிகளும் உண்டு. ஆனால் நம்மவரை ஈர்த்தவை மட்பாண்டங்கள். 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறியிருக்கிறார்கள். நம் வீடுகளில் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கும் வழக்கத்தை நினைத்துப் பெண்கள் சிரித்தனர். பகடைக்காய்களுக்கு அருகே வட்டமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லுகளைக் கண்ட சிறுமியர், "பாண்டி விளையாடுற சில்லு!" என்று கூவிவிட்டனர். அவர்களுக்கு எவரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூரை ஓடுகள் இருந்த இடத்தில்தான் நம் பெரியவர் நின்றார். ஓட்டின்மேல் நீளவாக்கில் வரிவரியாய்ப் பள்ளங்கள். மழைநீர் வழிந்தோட அமைக்கப்பட்டவை அவை. நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "சாமி, இது கைவிரல் தடம். ஓடு காயறதுக்கு முன்னால ஈரத்துல விரல வச்சு இழுத்திருக்கான். பெரிய கை. அவசரம் இல்லாம வேலை பாத்திருக்கான்" என்றார். பிறகு செங்கற்களின் பக்கம் திரும்பினார். களிமண்ணை எத்தனை நாள் புளிக்க விடவேண்டும், மணல் மிகுந்தால் கல் எப்படி உதிரும், சூளையில் எந்த அடுக்கில் வெந்த கல் எந்த நிறம் கொள்ளும் என்று சொல்லத் தொடங்கினார். நம்மோடு வந்தவர்கள் மட்டுமா? அங்கு வந்திருந்த கல்லூரி மாணவர் சிலரும் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சூழ்ந்து நின்றனர். பள்ளியில் தோழியரிடம் தாத்தா என்ன வேலை செய்கிறார் என்று அந்தப் பேத்தி ஒருபோதும் சொன்னதில்லையாம். இது பின்னர் நாம் அறிந்தது. அந்த வேளையில் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தாத்தாவின் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செங்கல்லின் வழியே

கீழடிக்கு அப்பால் ஒரு மரநிழலில் புளியோதரையும் தயிர்ச்சோறும் உண்டு, இடைக்காட்டூர் சேர்ந்தோம். அங்குள்ள திரு இருதய ஆண்டவர் ஆலயம், பிரான்சு நாட்டு இயேசு சபைக் குரு பெர்டினாண்டு செல் அடிகளாரால் 1894இல் எழுப்பப்பட்டது. பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அப்பேராலயம் கல்லால் ஆனது. இதுவோ சுட்ட மண்ணால் ஆனது. கூரிய வளைவுகளுக்கும் மெல்லிய தூண்களுக்கும் வேண்டிய செங்கற்களைப் பலவகை அச்சுகளில் வார்த்திருக்கிறார்கள். செபித்து எழுந்த பெரியவர் தூணைத் தடவியபடி, "இத்தனை அச்சா!" என்று மட்டும் சொன்னார்.

மானாமதுரை மண்பாண்டத்தின் புகழ் வாசகர்கள் அறிந்ததே. இசைக் கச்சேரிகளில் ஒலிக்கும் கடத்திற்கு இவ்வூர்ப் பெயரே சான்று. 2023இல் இவ்வூர் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குயவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து, சக்கரம் சுழல்வதைக் குழந்தைகள் பார்த்தனர். செலவு, விரும்பியவர்கள் வாங்கிய தண்ணீர்ப் பானையின் விலை மட்டுமே. அதுவும் செய்தவர் கையிலேயே நேராகச் சேர்ந்தது.

சிவகங்கையைக் கடந்து மாலை மங்கும் வேளையில் காளையார்கோவிலில் இறங்கினோம். வெள்ளையரை எதிர்த்து நின்று, 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களின் சமாதி இங்குள்ளது. அவர்கள் எழுப்பிய இராஜகோபுரத்திற்கு, மானாமதுரையிலிருந்து மக்கள் வரிசையாக நின்று செங்கற்களைக் கைக்குக் கை மாற்றியே கொண்டுவந்து சேர்த்தனர் என்று இவ்வட்டார மக்கள் சொல்வர். அந்த வழியிலேதான் நம் வேனும் வந்திருந்தது. ஒருவர் கையில் இருந்த கல் அடுத்தவர் கைக்குப் போனால்தான் கோபுரம் உயரும் என்று வேனில் ஓர் இளைஞர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

செம்மண்ணில் ஒரு திருநாள்

ஓரியூரை அடைந்தபோது இரவு ஒன்பது மணி இருக்கும். பிப்ரவரி 4 புனித அருளானந்தரின் திருநாள். 1647இல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தவர். இளமையில் அரண்மனையில் வளர்ந்தவர். மதுரை மறைத்தளத்திற்கு வந்து, காவியுடுத்தி, மரக்கறி உணவே உண்டு, பெரும்பாலும் கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்றார். மறவ நாட்டு மன்னரின் ஆணையால் 1693 பிப்ரவரி 4 அன்று இங்கே தலை வெட்டுண்டு இறந்தார். 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அவர் சிந்திய இரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் போற்றும் செம்மண்ணைத் திருப்பயணிகள் சிறு பொட்டலமாக மடித்து எடுத்துச் செல்கின்றனர்.

விடுதியைத் தேடி நாம் அலையவில்லை. முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தபடியால் ஒரு தாழ்வாரம் கிடைத்தது. பாய் விரித்தோம். பக்கத்தில் எங்கிருந்தோ வந்த குடும்பத்தினர் கல்லடுப்புக் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தனர். நம் குழந்தைகளுக்கும் ஊற்றினர். நாம் கொணர்ந்த முறுக்கு அவர்கள் பக்கம் போயிற்று. குளிரூட்டிய பேருந்தை விரும்பிய வணிகர் நடுநிசி வரை அக்குடும்பத்தாரோடு பேசியிருந்துவிட்டு, தம் போர்வையை அவர்களுடைய பாட்டிக்குக் கொடுத்துவிட்டு உறங்கினார். மறுநாள் திருப்பலியும், நேர்ச்சைக்காரர் இட்ட அன்னமும், கடைவீதியில் பொரிகடலையும் ஊதலும் முடிந்து, மாலையில் ஊர் திரும்பினோம்.

புறப்பட எண்ணுவோர்க்கு

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். வசூலானது 14,700 ரூபாய். வேன் வாடகை, ஓட்டுநர் படி உட்பட 11,000. அரிசி, காய்கறி, பலகாரம் 2,400. நுழைவுக் கட்டணமும் சில்லறைச் செலவும் 500. மீதி 800 ரூபாய் அடுத்த ஆண்டிற்கான உண்டியலில் கிடக்கிறது.

நம் அனுபவத்தில் கண்ட சிலவற்றையும் கூறுவோம். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு. அந்த நாள் இடத்திற்கு இடம் வேறுபடும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் விசாரியாமல் சென்று, பூட்டிய கதவின் கம்பிகள் வழியே குழந்தைகளுக்குத் தோட்டத்தை மட்டும் காட்டித் திரும்பியதுண்டு. ஆகவே முன்னரே கேட்டறிந்து செல்க. திருவிழாவுக்குச் செல்வோர் முந்தின நாள் இரவே சேர்ந்துவிடுவது நலம். வண்டி நிறுத்தவும் தங்கவும் இடம் கிடைக்கும். ஒரு நாளில் நான்கைந்து இடங்களுக்குமேல் அடுக்கவேண்டா. முதல் வேளைக்குக் கட்டுச்சோறு, அடுத்த வேளைக்கு அடுப்பு என்று வைத்துக்கொண்டால் செலவு பாதியாகும். உண்ட இடத்தைப் பெருக்கிவிட்டுப் புறப்படுக. உங்களுடன் தச்சரோ, நெசவாளரோ, குயவரோ, மீனவரோ இருந்தால் அவரை முன்னே விடுங்கள். பேழைக்குள் இருப்பதைப் பற்றி விளக்கப் பலகை சொல்லாததை அவர் சொல்லுவார்.

எல்லாவற்றிற்கும் மேலாக, செலவைத் தீர்மானிக்குமுன் உங்கள் நடுவே யாரால் இது இயலாது என்று எண்ணிப் பாருங்கள். நாம் முதலில் வகுத்த திட்டப்படியே போயிருந்தால், கீழடியில் ஓட்டின்மேல் உள்ள கோடுகளைக் கண்டு, அழகிய வேலைப்பாடு என்று சொல்லிக் கடந்திருப்போம். அவை ஒரு மனிதனின் விரல்கள் என்று நமக்குச் சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டார்.

சென்ற வாரம் அந்தப் பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பள்ளியில் 'நான் கண்ட இடம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். அதன் முதல் வரி: "என் தாத்தா செங்கல் அறுப்பவர்."