டோக்கியோவில் ஒரு கோப்பைக் கஞ்சி

என் வாப்பா மாரடைப்பால் மறைந்தபோது அவர்களுக்கு வயது 52. எனக்கும் 45 ஆனதும், உடம்பைப் பேணும்படி உம்மா தொலைபேசியில் வற்புறுத்தலானார்கள். டோக்கியோவில் பணிபுரியும் நான், பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்றிற்குப் பெயர் கொடுத்தேன்.

மாலைதோறும் பேரரசரின் மாளிகையைச் சுற்றி ஓடிப் பழகினேன். ஒரு சுற்று ஏறத்தாழ 5 கிலோமீட்டர். போக்குவரத்து விளக்குகள் குறுக்கிடாத பாதை. ஓடுவோர் அனைவரும் இடஞ்சுழியாகவே செல்வர்.

எனக்கோ இரண்டாம் சுற்றில் கால்கள் துவண்டன. காரணம் உணவு. மிரின் என்னும் அரிசி மது அங்கே சாதாரணக் காய்கறிப் பதார்த்தத்திலும் கலந்திருக்கக் கூடும். ஐயத்திற்கு அஞ்சி, ரொட்டியும் வாழைப்பழமுமாகக் காலம் கழித்தேன்.

ஒருநாள் ஷின் ஓக்குபோ பகுதியின் ஹலால் கடையொன்றில் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் கண்டேன். கண் கலங்கியது. உம்மா தொலைபேசியில் பக்குவம் சொல்ல, நோன்பல்லாத நாளில் நோன்புக் கஞ்சி காய்ச்சினேன். நம் வழக்கப்படி அண்டை வீட்டு முதியவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். "ஒகாயு!" என்று அவர் முகம் மலர்ந்தார். நோயுற்றோருக்கு ஜப்பானியர் காய்ச்சும் அரிசிக் கஞ்சியின் பெயர் அது. தனித்து வாழும் அவருக்கு மனைவியின் நினைவு வந்ததாம்.

பிறகு வாரந்தோறும் கஞ்சி கொதித்தது. கால்களும் உறுதி பெற்றன. பந்தய நாளில் எல்லைக்கோட்டருகே அம்முதியவர் கைதட்டி நின்றார்.

ஓடி முடித்த செய்தியை உம்மாவிடம் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை.

"பசியாறினாயா, மகனே?" என்றுதான் கேட்டார்கள்.