பெயரில் இருக்கும் முடிச்சு

ஹவாய் மொழியில் அலைச்சறுக்குப் பலகையை ‘பப்ப ஹெஎ நலு’ என்பர். பலகை, வழுக்குதல், அலை என மூன்று சொற்கள். பயன் பெயரில் இருக்கிறது, செய்முறை இல்லை. அது கைகளில் இருந்தது.

1950இல் கலிபோர்னியாவின் லகுனா பீச்சில், ஹோபி ஆல்ட்டர் என்னும் இளைஞர் வீட்டின் கார் கொட்டகையில் பலகை செய்யத் தொடங்கினார். பால்சாக் கட்டைகளை ஒட்டி, இழைத்து, கண்ணாடியிழைத் துணி போர்த்தி, பிசின் பூசும் வேலை. முதற்பலகைகள் நண்பர்களுக்கே. 1954இல் டானா பாயிண்டில் கடை திறந்தார். 1958இல் கார்டன் கிளார்க்குடன் சேர்ந்து, மரத்திற்கு மாற்றாகப் பாலியூரித்தேன் நுரையைப் பக்குவப்படுத்தினார். கிளார்க் பின்னர் நிறுவிய ஆலையை அமெரிக்கப் பட்டறைகளில் பெரும்பாலானவை நம்பியிருந்தன. 2005 டிசம்பரில் அது திடீரென மூடப்பட்டபோது, கைத்திறன் இருந்தும் கட்டையின்றித் திகைத்தனர்.

அதே ஆல்ட்டர் 1960களின் இறுதியில் இரட்டை உடல் கொண்ட சிறு பாய்ப்படகை வடிவமைத்தார். அவ்வகைப் படகை ஆங்கிலம் ‘கேட்டமரன்’ என்கிறது. அது நம் கட்டுமரம். தமிழ்ப் பெயரில் செய்முறையே இருக்கிறது: மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவது. ஆங்கிலத்தில் அக்கட்டு அவிழ்ந்து ஒலி மட்டும் மிஞ்சியது.

இன்று தமிழகக் கரைகளிலும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரங்கள் அருகிவிட்டன. சொல்லை அகராதி காக்கும். முடிச்சைக் காக்க ஒரு கொல்லையும், கூடி உழைக்கும் நண்பர்களும், கற்றுத்தரும் ஒரு மூத்த கையும் வேண்டும்.